என் முட்டை அத்தானோட அணுவை ஒதுக்குதா டாக்டர்?

வந்த கடிதத்தை முதல்ல சுருக்கமா சொல்லிடுதேன், ஏன்னா இதே நெலமைல இருக்கிற வேற சில பேரும் இதை வாசிப்பாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரு, தொழில் விவரத்தை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.

களக்காடு பக்கம் ஒரு ஊரு. எழுதினவங்களுக்கு வயசு 31, பள்ளிக்கூடத்துல வேலை. வீட்டுக்காரருக்கு 35, வாழைத்தார் மண்டி வச்சிருக்கார், சொந்த அத்தை மகன். கல்யாணமாகி ஆறு வருஷம். மாதவிடாய் ஒழுங்கா வருது, கருக்குழாய்ல அடைப்பு இல்ல, அவரோட விந்து பரிசோதனையும் நார்மல்னுதான் வந்திருக்கு. ஐயூஐ (அணுவைக் கர்ப்பப்பைக்குள்ள நேரா செலுத்துறது) பண்ணி சரிவராம ஐவிஎஃப் (உடம்புக்கு வெளிய லேப்ல கருவாக்குறது) போயிருக்காங்க. 12 முட்டை எடுத்து அவரோட விந்தணுவோட ஒரே டிஷ்ல விட்டு வச்சாங்க, மறுநாள் போன் பண்ணி "ஒண்ணுகூட கருவாகல"ன்னு சொல்லிட்டாங்க. நேர்ல போனதும் "முட்டை குவாலிட்டி சரியில்ல, டோனர் முட்டைக்கு, அதாவது வேற பொண்ணு குடுக்குத முட்டைக்குப் போயிருங்க"ன்னு அஞ்சு நிமிஷத்துல பேச்சை முடிச்சுட்டாங்க.

வீட்டுல இது வேற மாதிரி ஆயிருச்சு. ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ், "ஒரே ரத்தம் எப்பிடி ஒட்டும்"னு அத்தை கேக்குதாங்க. ஜாதகத்துல யோனிப் பொருத்தம் அப்பவே இல்லன்னு ஜோசியர் இப்ப சொல்லுதாராம். போதாததுக்கு வாட்ஸப்ல ஒண்ணு வந்திருக்கு, பொம்பளையோட முட்டைதான் அணுவைத் தேர்ந்தெடுக்கும், பிடிக்காத ஆளோடதை உள்ள விடாதுன்னு. அதைப் பாத்துட்டு இவங்க எழுதியிருக்கிற வரி: "எனக்கு அத்தான்னா உசுரு டாக்டர், அப்படியிருந்தும் என் உடம்பு அவரை வேண்டாம்னு சொல்லுதா?"

அடுத்து இக்ஸி (ஒரு அணுவை ஊசியால முட்டைக்குள்ளயே வைக்கிறது) பண்ணலாமா, டோனரா, தங்கச்சிகிட்ட முட்டை வாங்கலாமா, வீட்டுல என்ன சொல்லன்னு கேட்டிருக்காங்க. கடைசில, போற போக்குல ஒரு வரி: "எங்க அம்மாவுக்கு எங்க அப்பா தாய்மாமன், இது தேவையான்னு தெரியல, சொல்லி வைக்கேன்."

அந்த முதல் கேள்விக்கு

இல்லம்மா. உங்க உடம்பு அவரை வேண்டாம்னு சொல்லல. இதை உங்களைத் தேத்துறதுக்காகச் சொல்லல, முட்டைக்கு அப்படிச் சொல்லுத வசதியே கிடையாது. முட்டைங்கிறது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுள்ள ஒத்த செல்லு. அது மேல இருக்கிற புரதங்கள் வந்து ஒட்டுத அணு மேல இருக்கிற புரதங்களோட பொருந்துதான்னுதான் பாக்கும், அதாவது இது மனுஷ அணுவா, உள்ள வர தயாரான நெலமைல இருக்கா, அவ்வளவுதான். யாரோட அணு, பிடிச்சவரா பிடிக்காதவரா, சொந்தமா அசலா, என்ன ராசிங்கிறதைப் பாக்க அதுல எந்தப் புரதமும் இல்ல. ரத்த குரூப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ் இருந்து நாலு பிள்ளை பெத்த வீடு உங்க தெருவுலயே இருக்கும். அம்மா நெகட்டிவ்வா இருந்து அப்பா பாசிட்டிவ்வா இருந்தா கர்ப்பம் ஆன பொறவு ஒரு ஊசி போடணும், குரூப் விஷயம் வாரது அந்த இடத்துலதான், உங்களுக்கு அதுவும் இல்ல.

வாட்ஸப்ல வந்தது எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு எனக்குத் தெரியும். 2020-ல ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துக்காரங்களும் மான்செஸ்டர் ஆஸ்பத்திரிக்காரங்களும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஐவிஎஃப்க்கு வந்த பொண்ணுங்களோட முட்டையைச் சுத்தி இருந்த திரவத்தை எடுத்து அதுக்கு எந்த ஆம்பளையோட அணு அதிகமா நீந்தி வருதுன்னு பாத்தாங்க, ஒரு பொண்ணோட திரவத்துக்கு ஒருத்தரோட அணு கொஞ்சம் கூடுதலாவும் இன்னொருத்தரோடது கொஞ்சம் கொறைச்சலாவும் வந்துச்சு, அவங்கவங்க புருஷனோடதுதான் கூடுதலா வந்துச்சுன்னும் இல்ல. அவ்வளவுதான் விஷயம். கூடக்கொறைய வந்துச்சே தவிர யாரோடதும் வராமப் போகல, முட்டை கதவைச் சாத்துச்சுன்னு அந்த ஆய்வுல எங்கயும் கிடையாது. உங்க விஷயத்துல அணுக்களை முட்டைக்குப் பக்கத்துலயே கொண்டுபோய் ஆயிரக்கணக்குல விட்டிருக்காங்க, இதுல நீந்தி வாரது வராததுங்கிற பேச்சுக்கே எடம் இல்ல.

அப்ப ஏன் 12-ல ஒண்ணுகூட ஆகல? அதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கும், அது உங்க பக்கமும் இருக்கலாம் அவர் பக்கமும் இருக்கலாம், அதைத் தெரிஞ்சுக்கிட முட்டையும் அணுவும் எப்படிச் சேருதுன்னு கொஞ்சம் பொறுமையா நீங்க வாசிக்கணும்.

முட்டையும் அணுவும் ஒண்ணையொண்ணு கண்டுகிடுத விதம்

நம்ம பக்கத்துப் பழைய வீட்டை நெனைச்சுக்கிடுங்க, தெருநடை தாண்டி தார்சா, அதுக்கு உள்ள பட்டாசல், அதுக்கும் உள்ள ரெண்டாங்கட்டு, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு. முட்டைக்குள்ள போறதும் அப்படித்தான், ஒரே ஒரு கதவு இல்ல, வரிசையா நாலு.

விந்து வெளிய வந்த உடனே அணுவால எந்த முட்டைக்குள்ளயும் போக முடியாது. பொம்பளை உடம்புக்குள்ள சில மணி நேரம் இருந்து, அதோட மேல் சவ்வுல இருக்கிற கொழுப்பும் புரதமும் மாறி அது பக்குவப்படணும். இதை 1951-ல அமெரிக்காவுல மின் சூ சாங்கும் ஆஸ்திரேலியாவுல காலின் ஆஸ்டினும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, இது தெரிஞ்ச பொறவுதான் டெஸ்ட் டியூப்ல கருவாக்குறதே சாத்தியமாச்சு. பக்குவப்பட்ட அணுவோட வாலு திடீர்னு வேகமெடுத்து சாட்டை மாதிரி அடிக்கும், அதுக்கு வால்ல இருக்கிற கேட்ஸ்பர்னு ஒரு கால்சியம் வழி தெறக்கணும். இந்தக் கேட்ஸ்பர் வேலை செய்யாதவங்களுக்கு எண்ணிக்கை நார்மலா இருக்கும், சாதாரண ஓட்டமும் நார்மலா இருக்கும், ஆனா முட்டையைச் சுத்தி இருக்கிற பிசுபிசுப்பான செல் கூட்டத்தையும் (அதுதான் முதல் கதவு) அதுக்கு உள்ள இருக்கிற கெட்டியான ஓடு ஒண்ணையும் தொளைச்சுக்கிட்டுப் போக முடியாது.

இங்கன ஒரு தப்பான நெனைப்பைத் திருத்தணும்மா. "அவரோட ரிப்போர்ட் நார்மல், அப்ப கோளாறு எங்கிட்டதான்"னு எழுதியிருக்கீங்க. அந்த ரிப்போர்ட்டு எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூணைத்தான் பாக்கும். மில்லிக்கு 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல, 100-ல 42-க்கு மேல அசையுதுன்னா உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குப்படி நார்மல் வரிசைல சேத்துருவாங்க. அந்த அணு முட்டையைக் கண்டா என்ன செய்யும்ங்கிறதை அந்தப் பேப்பர் சொல்லாது. அதனால நார்மல் ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு ஒருத்தரை விடுதலை பண்ணி இன்னொருத்தரைக் குத்தவாளியா நிறுத்தக்கூடாது, டாக்டர்மாரும் இதைச் செய்யுதாங்க, எனக்கு அதுல கோவம் உண்டு.

ரெண்டாவது கதவு முட்டையைச் சுத்தி இருக்கிற அந்த ஓடு, சோனா பெலுசிடான்னு சொல்லுவோம். மனுஷ முட்டைல இது நாலு புரதத்தால ஆனது, இசட்பி1-லேர்ந்து இசட்பி4 வரைக்கும். அணு வந்து ஒட்டுத முக்கியமான எடம் இசட்பி2-ல இருக்கு. இதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்கங்கிறது அழகான விஷயம். மனுஷ அணு எலி முட்டைல சாதாரணமா ஒட்டாது. அமெரிக்காவுல ஒரு ஆய்வுக்கூடத்துல மனுஷ இசட்பி2 இருக்கிற மாதிரி எலியை மாத்தி, அதோட முட்டைகிட்ட மனுஷ அணுவை விட்டாங்க, ஒட்டுச்சு, ஓட்டைத் தொளைச்சு உள்ளயும் போச்சு. ஆனா அங்கனயே நின்னுருச்சு, எலி முட்டையோட சேரல. ஏன்னா ஓட்டுக்கு உள்ள இருக்கிற சவ்வு எலியோடது, அது மூணாவது கதவு, அதுக்கு வேற சாவி வேணும்.

அந்தச் சாவிதான் ரொம்ப நாளா யாருக்கும் தெரியாம இருந்துச்சு. 2005-ல ஒசாகா பல்கலைக்கழகத்துல இனோவே, இகாவா, ஒகாபே குழு அணு மேல இருக்கிற ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சு, ஜப்பான்ல கல்யாண வரத்துக்குப் பேர்போன கோயிலோட பேரையே வச்சாங்க, இசூமோ. இது இல்லாத ஆண் எலியோட அணு நல்லா ஓடும், ஓட்டையும் தாண்டும், ஆனா முட்டையோட சேராது. முட்டைப் பக்கம் அதைப் பிடிக்கிற கை எதுன்னு 2014-ல இங்கிலாந்துல சாங்கர் இன்ஸ்டிட்யூட்ல என்ரிக்கா பியாங்கியும் காவின் ரைட்டும் கண்டுபிடிச்சாங்க, அதுக்குப் பேரு ஜூனோ. ஜூனோ இல்லாத பெண் எலிக்குக் குட்டியே கிடையாது. இதுக்கு முன்னால ஜூனோவை ஃபோலேட் ஏற்பின்னு தப்பா பட்டியல் போட்டிருந்தாங்க, ஆனா அது ஃபோலேட்டைப் பிடிக்கவே பிடிக்காது, அதனால ஃபோலிக் ஆசிட் மாத்திரை இந்தக் கதவைத் தெறக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆனா மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீங்க, அது பிள்ளையோட முதுகுத்தண்டுக்காக. ஜூனோ தவிர முட்டை மேல சிடி9னு ஒண்ணும் வேணும். அணுப் பக்கம் இசூமோ தனியா நிக்கல, ஸ்பாக்கா6, டிமெம்81னு ரெண்டு புரதத்தோட கூட்டா நிக்குதுன்னு 2024-ல வியன்னாவுல ஆண்ட்ரியா பவுலி குழு காட்டுனாங்க. இது இன்னும் முடியாத ஆராய்ச்சி.

சவ்வு சேந்த உடனே நாலாவது கதவு, அதாவது நாலாவது வேலை. அணு தன்கூட பிஎல்சி ஸீட்டான்னு ஒரு புரதத்தைக் கொண்டுபோகும், அது முட்டைக்குள்ள கால்சியத்தை அலை அலையா கிளப்பிவிடும், பல மணி நேரம் அது ஓடும். அதுவரைக்கும் பாதில நின்னுக்கிட்டிருந்த முட்டை அப்பத்தான் மிச்சப் பகுப்பை முடிச்சு ரெண்டு கருவட்டமா தெரியும், ஒண்ணு உங்களோடது, ஒண்ணு அவரோடது. லேப்ல 16-லேர்ந்து 18 மணி நேரத்துல பாக்குதது இந்த ரெண்டு வட்டத்தைத்தான். இது நடக்க முட்டைக்குள்ளயும் வீ2ன்னு ஒரு புரதம் ஒழுங்கா இருக்கணும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. முட்டை வேண்டாம்னு சொல்லுத நேரம் ஒண்ணு நெசமாவே இருக்கு, அது ஒரு அணு உள்ள வந்த பொறவு. கால்சியம் கிளம்புன உடனே முட்டை தன் ஓரத்துல வச்சிருக்கிற பைகளை உடைச்சு ஓவஸ்டாசின்னு ஒரு நொதியை வெளிய விடும், அது இசட்பி2-வை வெட்டிரும், அதுக்கு மேல எந்த அணுவும் ஓட்டுல ஒட்டாது. எலி முட்டைல பாத்தப்ப ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஜூனோவையும் உதுத்துருது. ரெண்டாவது அணு உள்ள வந்தா கரு கெட்டுப்போகும், அதனால இந்தக் கதவடைப்பு. ஒருத்தர் வந்த பொறவு இன்னொருத்தரை விடாத முட்டையைத்தான் நீங்க ராத்திரி எல்லாம் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கீங்க.

உங்க கடிதத்தோட கடைசி வரி

"தேவையான்னு தெரியல"ன்னு எழுதுனீங்கல்லா, எனக்கு இந்தக் கடிதத்துலயே அதுதான் பெரிய செய்தி.

நீங்களும் அத்தானும் சொந்தம்ங்கிறது முட்டையும் அணுவும் சேருதத்துக்குக் குறுக்க வராது. நம்ம ஜில்லாவுல அத்தை மகன், மாமன் மகள் கட்டின வீடு எத்தனை இருக்கு, அதுல பிள்ளைகுட்டி இல்லாமலா போச்சு. "ஒரே ரத்தம் ஒட்டாது"ங்கிறது தப்பு. ஆனா உங்க அப்பாவும் அம்மாவும் நெருங்கின சொந்தம்ங்கிறது வேற விஷயம். ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு பிரதி, ஒண்ணு அம்மா வழி, ஒண்ணு அப்பா வழி. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கிடும், பல ஜீன்ல ரெண்டும் பழுதானாத்தான் வெளிய தெரியும். அப்பாவும் அம்மாவும் சொந்தமா இருந்தா ஒரே முன்னோர்கிட்டேர்ந்து வந்த ஒரே பழுது ரெண்டு வழியாவும் வந்து ஒரே பிள்ளைகிட்ட சேர வாய்ப்பு கூடும். தாய்மாமன் கல்யாணம்னா அத்தை மகன் கல்யாணத்தைவிட இன்னும் நெருக்கம்.

முட்டையும் அணுவும் சேருதத்துல சிக்கல் தர்ற பல ஜீன் கோளாறு இந்த ரகம்தான். வீ2 ஜீன் ரெண்டு பிரதியும் பழுதான பெண்களை 2018-ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க, முட்டை பாக்க அழகா, முத்தினதா இருக்கும், அணு உள்ளயும் போகும், ஆனா கருவட்டம் மட்டும் வராது. இசட்பி1 பழுதானவங்களுக்கு ஓடே இல்லாத முட்டை வருதுன்னு 2014-ல எழுதியிருக்காங்க. ஆம்பளைப் பக்கமும் இதே கதை, பிஎல்சி ஸீட்டா ரெண்டு பிரதியும் பழுதான ரெண்டு சகோதரர்களைப் பத்தி 2016-ல வந்துச்சு. அதனால இன்னொண்ணு கேக்கணும், உங்க அத்தையும் மாமாவும் கல்யாணத்துக்கு முன்னால சொந்தமா? கடிதத்துல அது இல்ல. சொந்தம்னா இதே கணக்கு உங்க அத்தானுக்கும் உண்டு.

இதெல்லாம் அரிய கோளாறு, உங்களுக்கு இருக்குன்னு நான் சொல்லல. முதல் ஐவிஎஃப்ல சுத்தமா கருவாகாமப் போறது சுமாரா 100 பேர்ல 5-லேர்ந்து 10 பேருக்கு நடக்கும், அதுல பெரும்பாலானவங்களுக்கு அடுத்த தடவை இக்ஸி பண்ணினா கருவாயிரும், ஜீன் கோளாறு வரைக்கும் போகவே வேண்டியிருக்காது. ஆனா உங்க வீட்டு விவரம் தெரிஞ்ச டாக்டர் இதை மனசுல வச்சுக்கிடணும், இந்த வரியை அடுத்த டாக்டர்கிட்ட முதல் வரியா சொல்லுங்க.

லேப்ல கேட்டு வாங்க வேண்டியது

"முட்டை குவாலிட்டி சரியில்ல"ங்கிறது ஒரு நோயோட பேரு இல்ல. எந்தக் கதவுல நின்னுச்சுன்னு லேப் குறிப்பைப் பாத்தா ஓரளவு தெரியும். அதனால அங்கன போய் (சண்டை வேண்டாம், எழுதிக் குடுத்தே கேளுங்க) இந்த விவரம் உள்ள பேப்பரோட நகல் வாங்குங்க:

– 12-ல எத்தனை முட்டை முத்தினது, அவங்க எம்-டூன்னு எழுதியிருப்பாங்க. 12-ல ஒம்போது முத்தாததா இருந்தா கதையே வேற, மருந்து அளவையும் ஊசி போட்ட நேரத்தையும் மாத்திப் பாக்கணும்.
– மறுநாள் பாத்தப்ப ஓட்டு மேல அணு ஒட்டியிருந்துச்சா. ஒண்ணுகூட ஒட்டலன்னா ரெண்டாவது கதவு, இல்ல அதுக்கும் முந்தின பக்குவம். ஒட்டி உள்ள தாண்டி ஓட்டுக்கும் முட்டைக்கும் நடுவுல நின்னுச்சுன்னா மூணாவது.
– ஒரே ஒரு கருவட்டம் மட்டும் எதுலயாவது தெரிஞ்சுச்சா, ஓடு கெட்டியா, மெலிசா, இல்லவே இல்லையா.
– கழுவின பொறவு அணு எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை மணிக்கு விட்டாங்க. சில நேரம் காரணம் ஜீனும் இல்ல ஒண்ணும் இல்ல, அன்னைக்கு லேப்ல நடந்ததுதான்.

எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு குடுக்கணும்ங்கிறது 2002 மருத்துவ ஒழுங்கு விதி. 2021 ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி ஒவ்வொரு சென்டர்லயும் புகார் கேக்க ஒரு பிரிவு இருக்கணும். கேக்குததுக்குக் கூச்சப்படாதீங்க, அது உங்க உடம்போட கணக்கு.

விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கான்னு உங்க ரத்தத்துல பாக்கச் சொல்லி யாராவது சொன்னா அந்தக் காசை மிச்சம் பிடிங்க. அது இருந்தாலும் இல்லாட்டியும் அடுத்து செய்யப்போறது மாறாது.

இக்ஸியா, டோனரா

என் அபிப்பிராயம் தெளிவா சொல்லுதேன், இப்ப டோனர் முட்டைக்குப் போகாதீங்க. அடுத்த தடவை முத்தின முட்டை எல்லாத்துக்கும் இக்ஸி.

இக்ஸிங்கிறது 1992-ல பிரஸ்ஸல்ஸ்ல வந்தது, ஒரே ஒரு அணுவை மெல்லிய ஊசில எடுத்து முட்டைக்குள்ளயே வைக்கிறது. முன்ன சொன்ன வீட்டுக்கணக்குல சொன்னா தார்சாவும் பட்டாசலும் தாண்டாம புறவாசல் வழியா நேரா ரெண்டாங்கட்டுக்குள்ள கொண்டு விடுறது. அதனால கேட்ஸ்பர், இசட்பி2, இசூமோ, ஜூனோ எதுல கோளாறு இருந்தாலும் அது தேவையே இல்லாமப் போயிரும். சாதாரணமா முத்தின முட்டை 100-க்கு 70 பக்கம் கருவாகும். ஆனா நாலாவது வேலை, அந்தக் கால்சியம் விஷயம், அதை இக்ஸியால தாண்ட முடியாது. இக்ஸிலயும் சுத்தமா கருவாகாதவங்க 100-ல 1-லேர்ந்து 3 பேரு, அப்பத்தான் பிஎல்சி ஸீட்டா, வீ2 எல்லாம் பாக்கணும். அணுப் பக்கம் கோளாறுன்னா கால்சியம் அயனோஃபோர்னு ஒரு மருந்துக் கரைசல்ல முட்டையைக் கொஞ்ச நேரம் வச்சு எழுப்பிவிடலாம், பலருக்கு அது கைகொடுத்திருக்கு. வீ2 கோளாறுன்னா அந்த மருந்து பிரயோசனப்படாது, அப்ப டோனர் முட்டைங்கிற பேச்சு நியாயமானது.

இப்ப ஏன் வேண்டாம்ங்கேன்னா, கோளாறு அணுப் பக்கம் இருந்தா டோனர் முட்டை எதுக்கு ஆகும்? பழைய மாதிரியே டிஷ்ல விட்டா அதுவும் கருவாகாது, லட்சக்கணக்குல போகும், உங்க முட்டையை விட்டுக்குடுத்த வருத்தமும் மிஞ்சும். வயசு 31, முட்டை 12 வந்திருக்கு, அவசரப்பட வேண்டிய நெலமை இல்ல. ரெண்டு மாசம் உடம்பைத் தேத்திட்டு, அதுக்குள்ள அந்தப் பேப்பரும் வாங்கிட்டுப் போங்க. வசதி இருந்தா இந்த ரெண்டு மாசத்துலயே ரெண்டு பேரும் ஒரு ஜெனடிக் கவுன்சலரைப் பாருங்க. இது முட்டைக்காக மட்டும் இல்ல, உங்களுக்குப் பிறக்கப்போற பிள்ளைக்காகவும். பொதுவா 100 பிள்ளைல 2, 3 பேருக்கு ஏதாவது பிறவிக் கோளாறு இருக்கும், அத்தை மகன் மாமன் மகள் கட்டினவங்களுக்கு அது சுமாரா ரெண்டு மடங்கு, உங்களுக்கு முந்தின தலைமுறையும் சொந்தம்ங்கிறதால கேட்டுவச்சுக்கிடுறது நல்லது. பயப்பட வேண்டியது இல்ல, ரெண்டு மடங்குன்னாலும் 100-ல 94, 95 பிள்ளை நல்லாத்தான் பிறக்குது.

இக்ஸிக்கும் குறை உண்டு. எந்த அணுன்னு கையால எடுத்து வைக்குதாங்க, அப்பாகிட்ட ஜீன் கோளாறு இருந்தா பிள்ளைக்கும் ஒரு பிரதி போகும். பிறவிக் கோளாறு வாய்ப்பு லேசா கூடுதுன்னு ஆய்வுகள் சொல்லுது, அதுல எவ்வளவு ஊசியால எவ்வளவு அப்பாவோட கோளாறாலன்னு பிரிச்சுச் சொல்லுதது கஷ்டம். இதை உங்ககிட்ட சொல்லாம கையெழுத்து வாங்கக்கூடாது.

தங்கச்சிகிட்ட முட்டை வாங்குத விஷயம். டோனரைத் தேடுறது, பரிசோதிக்கிறது எல்லாம் பதிவு பண்ணின ஏஆர்டி பேங்க் வழியாத்தான் நடக்கணும்னு 2021 சட்டம் சொல்லுது, டோனருக்கு வயசு 23-லேர்ந்து 35 இருக்கணும், வாழ்நாள்ல ஒரு தடவைதான் குடுக்கலாம், 7 முட்டைக்கு மேல எடுக்கக்கூடாது. வீட்டுல பேசி முடிவு பண்ணித் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போற காரியம் இல்ல இது. சட்டத்தை விடுங்க, மருத்துவமா பாத்தாலும் வேண்டாம். உங்களுக்கு ஜீன்ல ரெண்டு பிரதியும் பழுதுன்னு வச்சுக்கிடுங்க, அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த தங்கச்சிக்கும் அதே கோளாறு இருக்க நாலுல ஒரு வாய்ப்பு உண்டு. எதுக்காக டோனர் தேடுதோமோ அதே கோளாறை அவகிட்டேர்ந்தே வாங்கிட்டு வந்த மாதிரி ஆயிரும், அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டு மயக்கம் குடுத்த சங்கடம் வேற. உங்களுக்கு எப்பவாவது அப்படி ரிசல்ட் வந்தா தங்கச்சிகிட்ட சொல்லணும், அது அவ பிள்ளை பெத்துக்கிடுத திட்டத்துக்கு உதவும்.

இன்னொண்ணு, உங்க ரெண்டு பேரோட எழுத்துச் சம்மதம் இல்லாம டோனர் முட்டையோ டோனர் அணுவோ யாரும் பயன்படுத்த முடியாது, சட்டப்படி குத்தம். கையெழுத்துப் போடுததுக்கு முன்னால ஒவ்வொரு பக்கத்தையும் தமிழ்ல விளக்கச் சொல்லுங்க.

வீட்டுல என்ன சொல்ல

அத்தை கெட்டவங்கன்னு எனக்குத் தோணல. தம் பிள்ளைக்கு ஒரு வாரிசு வேணும்ங்கிற தவிப்பு, காரணம் தெரியாத எடத்துல கைக்குக் கிடைச்ச காரணத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அந்தப் பேச்சை நீங்க தனியா நின்னு வாங்கக்கூடாது. இதை அத்தான்தான் அவர் அம்மாகிட்ட பேசணும். "ரிப்போர்ட்டுல முட்டை பழுதுன்னு இல்ல, என் அணு பழுதுன்னும் இல்ல, எங்க நின்னுச்சுன்னு பாத்துக்கிட்டிருக்காங்க, அதுவரைக்கும் வீட்டுல இதைப் பத்திப் பேச வேண்டாம்"னு மகன் வாய்லேர்ந்து வந்தா அது ஒரு எடை. குலதெய்வத்துக்கு நேர்ந்துக்கிட்டா நேர்ந்துக்கிடட்டும், யாருக்கும் நஷ்டம் இல்ல. யோனிப் பொருத்தத்துக்குப் பரிகாரம்னு ஆயிரக்கணக்குல கேட்டா மட்டும், அந்தக் காசு இக்ஸிக்கு வேணும்னு சொல்லிருங்க.

ஜீன் விஷயத்தை வீட்டுல எல்லார்கிட்டயும் இப்பவே விளக்க வேண்டாம். "உங்க அப்பா அம்மா கட்டின சொந்தக் கல்யாணம்தான் காரணம்"னு அது திரும்பி உங்க அம்மாவைப் போய்க் குத்தும், ஒண்ணும் நிரூபணம் ஆகாத நேரத்துல அந்த வெசனம் அவங்களுக்கு எதுக்கு. டாக்டருக்கும் உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதும்.

நீங்க தூக்கம் இல்லன்னும், ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களைப் பாத்தா அழுகை வருதுன்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா ஒரு மனநல டாக்டரையோ கவுன்சலரையோ பாருங்க, பெரிய ஐவிஎஃப் சென்டர்லயே இப்ப கவுன்சலர் இருக்காங்க, அத்தானையும் கூட்டிட்டுப் போங்க. அவரும் மண்டிலேர்ந்து ராத்திரி லேட்டா வாராருன்னு எழுதியிருக்கீங்க, வேலை மட்டும் காரணமா இருக்காது, அவருக்கும் பேச ஆள் இல்லாம இருக்கலாம்.

லேப் பேப்பர் கைக்கு வந்ததும் அந்த நாலு விவரத்தையும், மாமா அத்தை சொந்தமாங்கிறதையும் எழுதி அனுப்புங்க. முத்தின முட்டை எத்தனைங்கிறது தெரிஞ்சாலே பாதி விஷயம் சொல்லிருவேன்.